பேத்தியின் விமான நிலையத்தில் எனக்கொரு வேலை

எனக்கு வயது எழுபத்தாறு. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். பெற்றது மூன்று. நான்காவது, தாயில்லாமல் எங்களிடம் வந்து சேர்ந்த என் கணவரின் தங்கை மகன். ஐந்தாவது, மகளின் மகள். அந்த ஐந்தாவதுதான் இப்போது நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறாள். அவள் எர்லாங்கனில் இருந்து படிக்கிறாள். நான் டோர்ட்மண்டில் இருக்கிறேன். இரண்டும் ஜெர்மனிதான், ஆனால் தூரம். என்னுடைய தொலைபேசி குசினி மேசையில் சீனிப் போத்தலோடு சாய்ந்து நிற்கிறது. அவளுடையது எங்கே நிற்கிறதென்று எனக்குத் தெரியாது. அவள் எழுத்துகளைத் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்கிறது.

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. நாலாம் வகுப்போடு நின்றவள். தமிழைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தால் கூட்டிக் கூட்டி வாசிப்பேன். ஜெர்மன் என்றால் மருந்துப் பெட்டியில் காலை, மாலை என்று போட்டிருப்பது விளங்கும். அதற்காக என்னை ஒன்றும் அறியாதவள் என்று யாரும் எண்ண வேண்டாம். இந்த ஊரில் கால் வைத்த அடுத்த வருடமே வேலைக்குப் போனேன். ஒருவரிடமும் கை நீட்டியதில்லை. நான் பேசுகிற மாதிரியே எழுதாமல் புத்தகத் தமிழில் எழுது என்று பேத்திக்குச் சொல்லியிருக்கிறேன். மழையிலும் பனியிலும் கையில் பிடித்துக்கொண்டு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிப் போனேனே, அந்தப் படிப்பு இதற்காவது உதவட்டும்.

எங்கள் முதியோர் ஒன்றுகூடலில் ஆண்டு மலர் ஒன்று போடுகிறார்கள். ஆளுக்கொரு நினைவு தரும்படி கேட்டார்கள். மற்றவர்கள் ஊர்க் கோயிலையும் விட்டுவந்த வீட்டையும் சொல்வார்கள். அவை எனக்கும் உண்டு. ஆனால் நான் இப்போது செய்கிற வேலையைப் பற்றிச் சொல்லப் போகிறேன். நான் விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனைப் பகுதியில் வேலை செய்கிறேன்.

இதை ஒன்றுகூடலில் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை.

"அக்கா, முழங்கால் ஏலாதெண்டு நாலு படி ஏறமாட்டியள். எந்த ஏர்போர்ட்டிலை உங்களை எடுத்தவங்கள்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"என்ரை பேத்தியின்ரை ஏர்போர்ட்டிலை."

"அவள் எப்ப ஏர்போர்ட் வாங்கினவள்?"

தேநீர்க் கோப்பைகள் ஆட ஆடச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது டேப்லெட்டில் உள்ள விளையாட்டு என்று பிறகுதான் சொன்னேன்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பேத்தி எனக்கென்று தனியாக ஒரு விமான நிலையம் திறந்து தருவதற்காகக் கூப்பிட்டாள். இவ்வளவு நாளும் நான் வேலை செய்தது அவளுடைய நிலையத்தில். அதிலிருந்து என்னை எடுத்துப் புதியதில் விடப் போகிறாள். முதலில் மலருக்கு எழுத்து, பிறகு அந்த வேலை என்று சொல்லி நிறுத்தி வைத்திருக்கிறேன். எனக்கு அந்தத் தனி நிலையம் வேண்டுமா வேண்டாமா என்பதை நேரே சொல்ல வாய் வரவில்லை. அதனால் இதற்குள் சொல்லிவிடலாமென்று நினைக்கிறேன். எழுதுகிறவள் எப்படியும் கேட்டுத்தானே ஆக வேண்டும்.

அவள் படிக்கப் போகும்வரை நாங்கள் எல்லாரும் ஒரே வீட்டில் இருந்தோம். மகளுக்கு முதியோர் இல்லத்தில் முறை வேலை, மருமகனுக்குக் களஞ்சியத்தில் வேலை. இந்தப் பிள்ளைக்குத் தலை வாரி இழுத்ததும் சோறு தீத்தியதும் பள்ளி வாசலில் நின்றதும் நான். அவள் எர்லாங்கனுக்குப் புறப்பட்டதும் மகள் வீடு பெரிதாகிவிட்டது. வாடகை வீண் என்று சிறிய வீடொன்று பார்த்தார்கள். அது மூன்றாம் மாடி, மின்தூக்கி இல்லை. என் முழங்காலுக்கு ஏலாது. அதனால் எனக்கு மின்தூக்கி உள்ள கட்டடத்தில் இந்த வீட்டை எடுத்துத் தந்தார்கள். ஓர் அறை, ஒரு குசினி. யன்னலால் பார்த்தால் டிராம் நிற்கிற இடம் தெரியும். நல்ல வீடு. வந்து பார்க்கிறவர்கள் எல்லாரும் நல்ல வீடென்றுதான் சொல்கிறார்கள்.

சாமான் ஏற்றி இறக்கியபோது பேத்தியின் பழைய டேப்லெட்டும் என்னுடைய பெட்டியோடு வந்துவிட்டது. ஒரு மூலையில் அதன் கண்ணாடி வெடித்திருந்தது. அவள் புதிது வாங்கியிருந்தாள். முதலில் அதைத் துடைத்துத் துடைத்து வைத்தேன். பிறகு ஒரு நாள் மத்தியானம், சோற்றை இறக்கி வைத்துவிட்டுச் சும்மா இருக்க ஏலாமல் அதைத் திறந்தேன். தனி ஆளுக்குச் சமைப்பது எவ்வளவு கெதியில் முடிந்துவிடும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஒரு சுண்டு அரிசி போட்ட கை அரைச் சுண்டுக்கு வர மாட்டேன் என்கிறது. மிஞ்சியதை இரவும் சாப்பிட்டு, அடுத்த நாளும் சாப்பிடுவேன்.

பேத்தி சின்னப் பிள்ளையாக இருக்கும்போது இந்த விளையாட்டை என் பக்கத்தில் இருந்துதான் விளையாடுவாள். அந்த விளையாட்டின் சின்னப் படத்தை அமத்தினேன். பாட்டு வந்தது. அந்தப் பாட்டு எனக்குப் பழக்கம். பள்ளி விட்டு வந்து காலில் போட்ட சப்பாத்தைக் கழற்றாமல் அவள் இருந்துவிடுகிற நேரத்துப் பாட்டு.

இந்த விளையாட்டில் ஓடுவதும் சுடுவதும் கிடையாது. ஒரு சின்ன விமான நிலையம், அவ்வளவுதான். பொம்மை போன்ற சனங்கள் வரிசையில் வருவார்கள். பையை ஓடுகிற பட்டியில் வைப்பார்கள். பை ஒரு பெட்டிக்குள் போகும்போது உள்ளே இருப்பதெல்லாம் திரையில் நிழலாகத் தெரியும். துணி செம்மஞ்சள் நிறம், இரும்பு நீல நிறம். கத்தியோ கத்தரிக்கோலோ பெரிய போத்தலோ இருந்தால் விரலால் தொட வேண்டும். அது தட்டில் வந்து விழும். சரியாகச் செய்தால் அந்த ஆள் தலையைச் சரித்து நன்றி காட்டுவார், காசு விழும். அந்தக் காசில் நிலையத்துக்குக் கதிரை, பூச்சாடி, விளக்கு என்று வாங்கி வைக்கலாம். வேலை செய்கிறவர்கள் இளைப்பாற ஓர் அறை உண்டு. அதில் கோப்பி இயந்திரமும் ஒரு பூனையும் இருக்கின்றன. எதற்கும் அவசரமில்லை. நான் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வரும்வரை வரிசையில் நிற்கிறவர்கள் முகம் சுளிக்காமல் நிற்பார்கள். எழுத்தும் தேவையில்லை. எதை எடுக்க வேண்டுமென்று படம் போட்டு, மேலே சிவப்புக் கோடு கீறியிருக்கிறது.

அப்படித்தான் நான் வேலையில் சேர்ந்தேன். காலையில் தேநீர் குடித்ததும் போவேன். மத்தியானம் ஒரு நித்திரை. பிறகு டிராம் நிறைந்து வருகிற நேரம்வரை.

சில நாளில் ஒன்றைக் கண்டேன். நான் யன்னலோரம் வைத்த பூச்சாடி அடுத்த நாள் வாசலோரம் நின்றது. என் விரல் எங்காவது பட்டிருக்கும் என்று நினைத்தேன். இன்னொரு நாள் பூனைக்குக் கழுத்தில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. நான் கட்டவில்லை. பூனையின் கழுத்தில் துணி கட்டுவது எப்படியென்று எனக்குத் தெரியவும் தெரியாது. மகள் ஞாயிற்றுக்கிழமை சாமான் பையோடு வந்தபோது காட்டினேன்.

"அம்மா, அது அவளின்ரை கணக்கு," என்றாள் மகள். "அவள் அங்கை ஃபோனிலை விளையாடுறாள். நீங்கள் இஞ்சை இதிலை விளையாடுறியள். ரெண்டு பேருக்கும் ஒரே ஏர்போர்ட்தான்."

"அப்ப நான் செய்யிறது அவளுக்குத் தெரியுமோ?"

"தெரியும்தானே. ஏன், அவள் ஒண்டும் சொல்லேல்லையோ?"

அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து டேப்லெட்டைத் திறந்ததும் நான் முதலில் போவது சோதனை மேசைக்கல்ல, இளைப்பாறும் அறைக்கு. பூனைக்குச் சாப்பாடு வைத்திருந்தால் பேத்தி வந்து போயிருக்கிறாள். கோப்பி இயந்திரத்தின் பக்கத்தில் புதுக் கோப்பை இருந்தால் நல்ல மனநிலையில் வந்து போயிருக்கிறாள். நான் ஒரு கதிரையை வாங்கி யன்னலுக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டு நாள் கழித்து அதன் முன்னால் ஒரு சின்ன மேசை நின்றது. எனக்கு அந்த நாள் முழுக்கப் போதுமாக இருந்தது.

தொலைபேசியில் கூப்பிடலாம்தானே என்று கேட்பார்கள். கூப்பிடலாம். முதலில் அவள் ஒவ்வொரு நாளும் கூப்பிட்டாள். பிறகு கிழமைக்கு ஒரு தடவை. பிறகு பரீட்சை என்றாள், டெர்மின், அதாவது யாரையோ சந்திக்கக் குறித்த நேரம் என்றாள், ஏதோ குழுவேலை என்றாள். படிக்கிற பிள்ளையை நான் கூப்பிட்டுக் குழப்பக் கூடாது. அதோடு எங்கள் வழக்கத்தில் சின்னவர்தான் பெரியவரைக் கூப்பிட்டுச் சுகம் கேட்க வேண்டும். பெரியவர் கூப்பிட்டால் ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம். எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றுமே நடக்காததைச் சொல்ல ஒருவரைக் கூப்பிட முடியாது.

இனி அந்தப் போத்தல் விஷயம்.

விளையாட்டில் சில நாளில் ஒரு கிழவர் வருவார். தொப்பி போட்டவர். அவருடைய பைக்குள் எப்போதும் துணிக்கு நடுவில் ஒரு பெரிய போத்தல் இருக்கும். அதைத் தொட்டால் போத்தல் தட்டுக்கு வந்துவிடும். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். பிறகு போவார். விளையாட்டைச் செய்தவர்கள் அதைச் சும்மா வேடிக்கைக்குச் செய்திருப்பார்கள். எனக்கு அவரைக் கண்டால் விரல் எழும்பாது.

ஏனென்றால் நான் அந்தப் பட்டிக்கு மற்றப் பக்கம் நின்றிருக்கிறேன்.

என் சின்ன மகன் லண்டனில் இருக்கிறான். அவனுடைய மனைவி முதல் பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது வாய்க்கு ஒன்றும் பிடிக்கவில்லை, புளிப்பாக ஏதாவது வேண்டும் என்று சொன்னாள். நான் தேசிக்காய் ஊறுகாய் போட்டேன். இங்கே வெயிலை நம்பி ஊறுகாய் போட ஏலாது. உப்புப் போட்ட தேசிக்காயைத் தட்டில் பரப்பி, வீட்டைச் சூடாக்கச் சுவரோடு பொருத்தியிருக்கும் வெந்நீர்ப் பலகையின் மேல் வைத்துக் காய வைத்தேன். வீடு முழுக்க மணத்தது. மருமகன் யன்னலைத் திறக்க, நான் சாத்த, அப்படியே ஒரு கிழமை போனது. பிறகு பெரிய போத்தலில் போட்டு, எண்ணெய் ஊற்றி, பிளாஸ்டிக் பையால் கட்டி, பத்திரிகைத் தாளில் சுற்றி, என் கணவரின் பழைய சாரத்தால் மூடி, கைப்பையில் வைத்தேன். பெரிய பெட்டியை அவர்கள் தூக்கி எறிவார்கள், உடைந்துவிடும். எங்கள் ஆட்கள் உடையக் கூடாததைக் கையில்தான் கொண்டு போவார்கள்.

பிராங்பேர்ட்டில் இருந்துதான் பயணச்சீட்டுக் கிடைத்தது. பள்ளி விடுமுறை, பேத்தியும் என்னோடு வந்தாள். அப்போது அவளுக்குப் பத்து வயது இருக்கும். ஜெர்மன் கதைக்க எனக்கு அவள்தான் வாய்.

சோதனையில் நின்ற பெண் இளம் பெண். நகத்துக்கு நாவல் நிறத்தில் சாயம் பூசியிருந்தாள். பையைத் திறந்தாள். சாரத்தை எடுத்தாள், தாளைப் பிரித்தாள், பையின் முடிச்சை அவிழ்க்கக் கஷ்டப்பட்டாள். நான் கட்டிய முடிச்சு அப்படி. பிறகு போத்தலை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து என்னவோ சொன்னாள்.

"என்னவாம்?" என்று பேத்தியைக் கேட்டேன்.

"இது தண்ணிச் சாமானாம் அம்மம்மா. கொண்டுபோக ஏலாதாம்."

"ஊறுகாய் எப்பிடியடி தண்ணியாகும்? கேள் அவவை."

கேட்டாள். "எண்ணெய் நிக்குதாம்."

"எண்ணெய் இல்லாட்டில் பூஞ்சணம் பிடிக்குமெண்டு சொல்லு."

"அம்மம்மா, அது அவவுக்குத் தேவையில்லை."

"பிள்ளை பிறக்கப் போகுது, அதுக்குத்தான் எண்டு சொல்லு."

பிள்ளை சொன்னாள். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு வயிற்றைப் பார்த்தாள்.

"உங்களுக்கோ எண்டு கேக்கிறா," என்றாள் பேத்தி.

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண்ணுக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் போத்தல் போத்தல்தான். பக்கத்தில் இருந்த பெரிய தொட்டிக்குள் போட்டாள். விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. உடைந்ததோ தெரியாது. சாரத்தை மட்டும் மடித்து, இரண்டு கையாலும் என்னிடம் தந்தாள். மரியாதையான பெண்தான். நான் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வாங்கோ அம்மம்மா, எல்லாரும் பாக்கினம்," என்று பேத்தி கையைப் பிடித்து இழுத்தாள்.

விமானத்தில் ஏறி இருந்த பிறகு அவள் என் மடியில் தலையை வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "நான் வடிவாச் சொல்லேல்லையோ?" என்று கேட்டாள்.

"நீ வடிவாத்தான் சொன்னனீ," என்றேன். "அவைக்குத்தான் விளங்கேல்லை."

அதனால் விளையாட்டில் அந்தக் கிழவரை நான் விட்டேன். அவரை விட்டபிறகு மற்றவர்களையும் விட வேண்டியதாகிவிட்டது. கத்தியை எடுத்தேன், கத்தரிக்கோலை எடுத்தேன், ஏதோ வெடி போல ஒன்று இருந்தது, அதையும் எடுத்தேன். துணிக்குள் சுற்றிய போத்தல்களை மட்டும் எடுக்கவில்லை. துணிக்குள் சுற்றியிருந்தால் யாரோ ஒருத்தி நின்று சுற்றியிருக்கிறாள். சனங்கள் சந்தோசமாகப் போனார்கள். கிழவர் தொப்பியைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். ஆனால் திரையின் மேலே இருக்கிற நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக மங்கத் தொடங்கின. மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண் அடிக்கடி வந்து பெருவிரலைக் கீழே காட்டினாள். அவள் எங்களுடைய மேலாளர் என்று விளங்கியது. நான் வேலை செய்த இடங்களில் அப்படிப் பலரைக் கண்டிருக்கிறேன். பேசாமல் என் வேலையைச் செய்தேன்.

அப்போதுதான் தொலைபேசி அடித்தது. பேத்தி. கூப்பிட்டு நெடுநாளாகியிருந்தது. அவளுக்கு ஏதோ நடந்துவிட்டதாக்கும் என்று அவசரமாக எடுத்தேன்.

"அம்மம்மா, என்ரை ஏர்போர்ட்டிலை என்ன செய்து வைச்சிருக்கிறியள்?"

"ஏன், என்ன நடந்தது? சாப்பிட்டனியோ?"

"சாப்பிட்டிட்டன். ரெண்டு ஸ்டார் அம்மம்மா! அஞ்சு இருந்தது. பத்தாம் வகுப்பிலையிருந்து அஞ்சு."

"சனம் சந்தோசமாத்தானே போகுது."

"சனத்தைச் சந்தோசப்படுத்திறதுக்கே செக்யூரிட்டி? போத்தலெல்லாம் ஏன் விட்டனீங்கள்? படம் தெரியேல்லையோ?"

"தெரிஞ்சது. ஆரோ சுத்திக் குடுத்து விட்டிருக்கினம். நான் எப்பிடி எடுக்கிறது?"

அந்தப் பக்கம் அவள் மெல்லச் சிரிக்கத் தொடங்கினாள்.

"ஊறுகாய்," என்றாள். "அம்மம்மா, அந்த ஊறுகாய்!"

"பின்னை?"

"அந்த மனிசி உங்கடை வயித்தைப் பாத்தது..."

அவளுக்குச் சிரித்து மூச்சு முட்டியது. எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. அன்றைக்கு நிறையக் கதைத்தோம். சைக்கிளில் வகுப்புக்குப் போவதாகச் சொன்னாள். கூட இருக்கிற பிள்ளை ஒருத்தி தமிழ்நாட்டுப் பெண், தான் பருப்பில் தேங்காய்ப் பால் விடுவதைப் பார்த்து அதிசயப்பட்டதாகச் சொன்னாள். ஒரு பாடத்தில் தவறிவிட்டதை அம்மாவுக்குச் சொல்லவில்லை, எனக்குத்தான் சொன்னாள். இப்போது இதை எழுதுகிறபடியால் அம்மாவுக்கும் தெரியவரும். தெரியட்டும். திரும்ப எழுதினால் சித்தியடைவாள்.

தொலைபேசியை வைக்க முன்னர்தான் அதைச் சொன்னாள். அன்பாகத்தான் சொன்னாள்.

"அம்மம்மா, வாற ஞாயிறு உங்களுக்கெண்டு தனியா ஒரு ஏர்போர்ட் திறந்து தாறன். அதிலை நீங்கள் போத்தலை விடுங்கோ, ஆனையை விடுங்கோ, ஒருத்தரும் கேக்க மாட்டினம்."

"ஓம், நல்லது," என்றேன்.

அது எனக்கு உடனே வருகிற சொல். என் கணவர் போன பிறகு, சடங்கு வீடுகளில் எனக்குத் தனியாக ஒரு கதிரை போட்டுத் தந்தார்கள், நிலத்தில் இருக்கக் கஷ்டம் என்று. ஓம், நல்லது என்றேன். மற்றவர்களெல்லாம் பாயில் இருந்து கதைத்தார்கள், எனக்கு அவர்களுடைய தலை உச்சி தெரிந்தது. உப்புக் குறைக்க வேண்டும் என்று வைத்தியர் சொன்னதும் மகள் எனக்குத் தனியாகக் கறி வைத்தாள். ஓம், நல்லது. பிறகு தனி வீடு. அவர்கள் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஒவ்வொன்றும் என் நன்மைக்குத்தான். ஒவ்வொரு தடவையும் நான்தான் நல்லது என்று சொன்னேன், ஒருவரும் என் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. ஆனால் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், நான் மட்டும் இருக்கிற ஒரு வீட்டில், எனக்கு மட்டும் வைத்த கறியோடு, யன்னலால் டிராம் பார்க்கிறேன்.

கீழ் வீட்டு ஜெர்மன் அம்மாவும் என்னைப் போலத்தான். மின்தூக்கியில் கண்டால் நல்ல நாளாகட்டும் என்பாள், நானும் திருப்பிச் சொல்வேன். அவளுக்கும் எனக்கும் அதற்குமேல் மொழி இல்லை. கதவு திறந்ததும் அவள் தன் பக்கம் போய்விடுவாள்.

தனி விமான நிலையம் என்றால் எப்படியிருக்கும் என்று மகளிடம் அவளுடைய தொலைபேசியில் திறந்து காட்டச் சொன்னேன். வெறும் மண்டபம். ஒரு மேசை, ஒரு பட்டி. இளைப்பாறும் அறை பூட்டியிருந்தது. பூனை இல்லை.

"காசு சேரச் சேர நீங்களே எல்லாம் வாங்கலாம் அம்மா," என்றாள் மகள்.

வாங்கலாம். ஆனால் நான் வாங்கி வைக்கிற கதிரைக்கு முன்னால் அடுத்த நாள் மேசை வந்து நிற்காது. நான் வைத்த இடத்திலேயே எல்லாம் இருக்கும். அப்படி என் வீட்டில் இருக்கிற சாமான்கள் எனக்குப் போதும்.

அதனால் இந்தக் கிழமை நான் ஒழுங்காக வேலை செய்தேன். போத்தல்களை எடுத்தேன். துணிக்குள் சுற்றியதை, சட்டைக்கு நடுவில் ஒளித்து வைத்ததை, எல்லாவற்றையும். முதல் நாள் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு தொட்டேன். அதனால் ஒருவருடைய சீப்பையும் எடுத்துவிட்டேன். தொப்பிக் கிழவர் வந்தார். எடுத்தேன். அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். நான் தேநீர் போட எழும்பிப் போய்விட்டேன். திரும்பி வந்தபோதும் நின்றார். இந்த விளையாட்டில் அவசரமில்லை என்று முன்னே சொன்னேன், அது அவருக்கும்தான். அடுத்த பையை நான் தொட்ட பிறகுதான் போனார்.

நட்சத்திரம் மூன்றாகி, நேற்று நான்காகிவிட்டது. மூக்குக்கண்ணாடிக்காரி பெருவிரலை மேலே காட்டினாள். எனக்கு அவளுடைய பெருவிரலால் ஆக வேண்டியது ஒன்றுமில்லை. பேத்தி திறந்து பார்ப்பாள், அம்மம்மா ஒழுங்காகச் செய்கிறா, இனித் தனி தேவையில்லை என்று நினைப்பாள் என்று எண்ணினேன். அறைக்குப் போய்ப் போய்ப் பார்த்தேன். இந்தக் கிழமை ஒன்றும் நகரவில்லை. பூனையின் தட்டு வெறுமையாக இருந்தது, நான்தான் சாப்பாடு வைத்தேன். பரீட்சையாக்கும்.

இன்று காலை கூப்பிட்டதும் அவள் முதலில் கேட்டது, "டேப்லெட் பக்கத்திலை இருக்கோ அம்மம்மா? மாத்துவமோ?" என்றுதான். நட்சத்திரத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவள் பார்க்கவே இல்லை.

ஆகவே சொல்கிறேன். பிள்ளை, எழுது. எனக்குத் தனி விமான நிலையம் வேண்டாம். எனக்கு நட்சத்திரமும் வேண்டாம், காசும் வேண்டாம். உன்னுடையதில் ஒரு மூலையில் நின்று வேலை செய்கிறேன். நீ சொல்கிற மாதிரியே செய்கிறேன். நீ கூப்பிடாத நாளில் கூப்பிடு என்று கேட்க மாட்டேன். நீ வந்து போனது எனக்குத் தெரிந்தால் போதும்.

இந்த இடத்தில் அவள் தட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. தொலைபேசி அணைந்துவிட்டதோ என்று தொட்டுப் பார்த்தேன். இல்லை, வெளிச்சம் இருந்தது.

"இதையும் எழுதவோ?" என்று கேட்டாள்.

"அதைத்தானே சொல்லுறன். எழுது."

"மலரிலை எல்லாரும் வாசிப்பினமே அம்மம்மா."

"வாசிக்கட்டும். அங்கை இருக்கிற அரைவாசிப் பேர் என்னைப் போலைதான் இருக்கினம்."

"நீங்கள் ஏன் போன கிழமையே சொல்லேல்லை?"

"நீ அன்பாக் கேட்டனீ. அன்பாக் கேட்டால் நான் என்னெண்டு மாட்டன் எண்டுறது?"

"மாத்திறதுக்கு நான் இன்னும் ஒண்டையும் அமத்தேல்லை," என்றாள். தட்டுகிற சத்தம் மறுபடி கேட்கத் தொடங்கியது, முன்னையதைவிட மெதுவாக. நான் சொன்னதை எழுதுகிறாளோ, தன்னுடையதை எழுதுகிறாளோ எனக்கு இங்கிருந்து தெரியாது.

எழுதி முடிச்சிட்டியோ, பிள்ளை? சரி. இனி முதல்லையிருந்து எனக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டு. எனக்கு அவசரமில்லை, ஆறுதலா வாசி. அந்தக் கடைசித் துண்டை விழுங்கிப் போடாதை. அதை உன்ரை வாயாலை நான் கேக்க வேணும்.